'உம்' கொட்ட ஆளில்லாத கேன் பஸ்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் எம்சிபி2515 சிப் வைத்த கேன் மாட்யூல் ஒன்று கேட்டேன். "ஒண்ணு போதுமா சார்?" என்றார் கடைக்காரர். வியாபாரப் பேச்சு என்று நினைத்து, போதும் என்று வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டோடு இணைத்துப் பார்த்தால் முதல் செய்தியே போய்ச் சேரவில்லை.

கேன் என்பது பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை. காரில் இன்ஜின், பிரேக், மீட்டர் எல்லாம் இரண்டே கம்பியில் (அதைத்தான் பஸ் என்பார்கள்) பேசிக்கொள்வது இதில்தான். பாட்டி கதை சொல்லும்போது யாராவது 'உம்' கொட்ட வேண்டும் அல்லவா, இங்கேயும் அப்படித்தான். செய்தியின் முடிவில் அனுப்பும் சிப் ஒரு பிட் நேரம் இடம் விட்டுக் காத்திருக்கும். பிழையில்லாமல் கேட்ட சிப் எதுவானாலும் அந்த இடத்தில் 0 வைக்கும். யார் வைத்தது என்பது முக்கியமில்லை, ஒரு 'உம்' வந்தால் போதும். வராவிட்டால் பிழைக் கணக்கில் 8 ஏற்றிவிட்டு அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். 16 முறையில் கணக்கு 128-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் இந்தக் காரணத்துக்காக ஏறாது, ஆனால் அனுப்புவதும் நிற்காது. பாவம், கேட்க ஆளில்லாத வீட்டில் முதல் வரியையே சொல்லிக்கொண்டிருக்கும். கடைக்காரர் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

ஒற்றை மாட்யூலை வைத்துச் சோதிக்க வழி, லூப்பேக். இந்த நிலையில் சிப் தான் அனுப்புவதை உள்ளுக்குள்ளேயே திருப்பித் தானே வாங்கிக்கொள்ளும். 'உம்' வரவில்லை என்று கோபிக்காது. எம்சிபி2515-ல் வெளியே போகும் பின்கூட அசையாது.

நான் அனுப்பிய எட்டு பைட்டும் அப்படியே திரும்பி வந்தன. ஆர்டுயினோவும் சிப்பும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ இணைப்பின் வயரிங் சரி, வேண்டாத செய்தியைத் தள்ளும் ஃபில்டரும் சரி. இவ்வளவு தெரிந்ததே பெரிய விஷயம், ஏனென்றால் பாதிப் பிழைகள் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஆனால் சிப்புக்கும் கம்பிக்கும் நடுவே செய்தியை ஏற்றி இறக்கும் டிரான்ஸீவர், கம்பி, இரு முனையிலும் போட வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர், இவற்றில் எதையும் லூப்பேக் தொடுவதே இல்லை.

அப்புறம் இரண்டாவது மாட்யூலும் வாங்கினேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்டியது. இரண்டு 120-ம் பக்கவாட்டில் சேர்ந்தால் 60, சரிதான். மாட்யூல்கள் அழகாகப் பேசிக்கொண்டன. அந்தத் தைரியத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் நண்பரின் போர்டையும் அதே கம்பியில் சேர்த்தேன். அவருடையது நொடிக்கு 500 கிலோபிட். என்னுடையதும் அதே வேகம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சேர்த்ததும் மூன்றும் ஊமையாகிவிட்டன.

500 கிலோபிட் என்றால் ஒரு பிட்டின் நீளம் 2 மைக்ரோநொடி. என் மாட்யூல்களில் அது 4 ஆக இருந்தது. லூப்பேக்கில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கடிகாரம், அதனால் இந்தத் தப்பு தெரிய வாய்ப்பே இல்லை. ஒரே புரோகிராமைப் போட்ட இரண்டு மாட்யூல்களும் ஒரே அளவுக்கு நிதானமாக ஓடியதால் அவையும் காட்டிக்கொடுக்கவில்லை.

நண்பர் மாட்யூலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிப்பின் கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் கிரிஸ்டலின் மேல் 8.000 என்று பொறித்திருந்தது. புரோகிராமில் நான் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தேன்.