வேர்வையில இல்லைங்க, மூச்சுல போகுது

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணா, தினம் ஒரு மணி நேரம்தான் கிடைக்குது, எடை குறைக்க ட்ரெட்மில்லா டம்பெல்லா?" நான் திருப்பி ஒண்ணு கேட்டேன், குறையுற கொழுப்பு எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க? "வேர்வையாதான்"னாரு. இங்க தர்மபுரியிலயும் ஒருத்தர் இடுப்புல பாலிதீன் ஷீட்ட சுத்திக்கிட்டு ஓடுறாரு, முடிச்சதும் பனியன பிழிஞ்சு வேற காட்டுவாரு. அவர் பிழிஞ்சதெல்லாம் தண்ணி சார், ஒரு சொம்பு குடிச்சா திரும்ப வந்துரும்.

2014ல ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன்னு ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் இதே கேள்விய டாக்டர், டயட்டீஷியன், ட்ரெயினர்னு 150 பேர்கிட்ட கேட்டாங்க, பாதிக்கு மேல "சூடா மாறிடும்"னு சொல்லிட்டாங்க. சூடு வர்றது சரி, ஆனா கொழுப்புல இருந்த அணு எங்க போச்சு?

இங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இருக்கு. நீங்க ஓட ஆரம்பிச்சதும் அட்ரினலின்ங்கிற ஹார்மோன் போய் கொழுப்பு செல்லைத் தட்டுது, உள்ள சேமிச்சு வச்சிருக்க கொழுப்பு, அதாவது ட்ரைகிளிசரைடு, உடைஞ்சு கொழுப்பு அமிலமா வெளிய வருது, அது ரத்தத்துல ஆல்புமின்ங்கிற புரதம் மேல ஏறி தசைக்குப் போய் மைட்டோகாண்ட்ரியாங்கிற செல்லோட அடுப்புக்குள்ள நுழையுது, அங்க அந்த அமிலத்தோட நீள கார்பன் சங்கிலிய ரெண்டு ரெண்டு கார்பனா நறுக்குறாங்க, ஒவ்வொரு துண்டும் கடைசியில கார்பன் டை ஆக்சைடா ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா வெளிய போயிடுது. 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா 8.4 கிலோ மூச்சுக்காத்தா போகுது, மீதி 1.6 கிலோதான் தண்ணி. அதுக்கு 29 கிலோ ஆக்சிஜன் வேற உள்ள இழுக்கணும். கிருஷ்ணகிரி கோட்டை மலை ஏறி மூச்சு வாங்குறீங்கல்ல, அப்ப வெளிய போறதுல உங்க தொப்பையும் கொஞ்சம் இருக்கு, கீழ தோப்புல நிக்கிற பெங்களூரா மாமரம் அதை இழுத்து மாங்காயா ஆக்கினாலும் ஆக்கும்!

அப்ப உக்காந்த இடத்துலயே வேகமா மூச்சு விட்டா போதுமான்னு கேக்காதீங்க, தலைதான் சுத்தும். தசை வேலை செஞ்சாதான் கார்பன் டை ஆக்சைடு கூடுதலா உண்டாகும்.

சரி, தம்பி கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு மணி நேரத்துல அதிகம் எரிக்கிறது ஓட்டம்தான், ஏன்னா வெயிட்ல செட்டுக்கு செட்டு உக்காந்துடுவோம். அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல 8 மாசம் பண்ணின ஆராய்ச்சியிலயும் (2012) கொழுப்பு நல்லா குறைஞ்சது கார்டியோ (ட்ரெட்மில், சைக்கிள் மாதிரி) பண்ணினவங்களுக்கு, வெயிட் மட்டும் தூக்கினவங்களுக்கு தசை கூடுச்சு. "தசை இருந்தா தூங்கும்போதும் எரியும்"னு ஜிம்முல சொல்றது உண்மைதான், ஆனா ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு சுமார் 13 கலோரிதான், ஒரு டீக்குக்கூட காணாது.

அதுக்காக டம்பெல்ல தூக்கிப் போட்டுடாதீங்க. சாப்பாட்ட குறைச்சு இளைக்கும்போது கொழுப்போட தசையும் சேர்ந்து போகும், அந்தத் தசையக் காப்பாத்துறது வெயிட் தூக்குறதுதான். நம்ம ஆளுங்களுக்கு ஒல்லியா இருந்தாலும் உள்ள கொழுப்பு அதிகம், தசை கம்மி, புனேவுல சர்க்கரை நோய் டாக்டர் யாஜ்னிக் இதை ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றாரு. களி தின்னு வயல்ல வேலை செஞ்ச தலைமுறையும் ஓசூர்ல ஷிஃப்ட்டுக்குப் போற அவங்க பிள்ளைங்களும் ஒரே வீட்டுல இருக்காங்க, இவங்கள பக்கத்துல பக்கத்துல வச்சு ஆராய்ச்சி பண்ண நம்ம காலேஜுங்களுக்கு காசு குடுக்கலாம்ல? ஃபேட் பர்னர் பொடி விளம்பரத்துக்கு மட்டும் காசு கொட்டுது.

என் கணக்கு இதுதான் தம்பி: வாரத்துல நாலு நாள் வேக நடையோ ஓட்டமோ, ரெண்டு நாள் வெயிட், ஜிம் இல்லன்னா தண்டால் பஸ்கி போதும். ராத்திரி களியில ஒரு உருண்டைய குறைங்க, ஏன்னா ஒரு மணி நேரம் ஓடி கூடுதலா வெளிய விடுற கார்பன், நூறு கிராம் சர்க்கரையில இருக்கிற அளவுக்குத்தான் வரும். மெஷின் முள்ளு அசையலன்னா இஞ்ச் டேப்ப எடுத்து இடுப்ப அளந்து பாருங்க. முட்டி வலி இருந்தா மட்டும் மலை வேணாம், இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி அதிகம், கிரவுண்ட்லயே நடங்க.