சி-டூ கோடு: தமிழில் எப்படிச் சொல்வது?

விண்மீன் திரள்களில் புதிய விண்மீன்கள் எங்கே, எந்த வேகத்தில் பிறக்கின்றன என்று ஆராயும் வானியலாளர்கள் அடிக்கடி சொல்லும் பெயர் 'சி-டூ'. சி என்பது கார்பன். ரோமன் எண்ணில் எழுதப்படும் 'இரண்டு'தான் ஆளைக் குழப்பும். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த கார்பன் என்று படிக்கத் தோன்றும். அது தவறு. ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் நிறமாலையியலில் எதையும் இழக்காத அணுவுக்கே ஒன்று என்று எண் கொடுத்துவிடுவார்கள். ஓர் எலக்ட்ரானை இழந்ததற்கு இரண்டு. ஆகவே 'ஒற்றை அயனிக் கரிமம்' என்பதே சரியான தமிழ். லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. நம் கரிமமும் கரியில் பிறந்த சொல்தான். இலங்கைப் பாடநூல்களில் இது காபன்.

இந்த அயனி 158 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விடுகிறது. ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஓர் அலைநீளம் ஒரு கோடாகத் தெரியும்; அதுதான் சி-டூ கோடு. அது 'தொலை அகச்சிவப்பு'. இங்கே 'தொலை' என்பது வானத்துத் தொலைவு அல்ல, நிறமாலையில் சிவப்பிலிருந்து வெகுவாகத் தள்ளி இருப்பது. 'இன்ஃப்ரா' என்றால் கீழ். அகம் என்றால் உள். பொருளுக்கு நெருக்கமானது இலங்கையில் வழங்கும் 'செந்நிறக்கீழ்' என்றாலும், அகச்சிவப்பு நன்றாக வேரூன்றிவிட்டது, இருக்கட்டும்.

சி-டூவைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம். 'விலக்கப்பட்ட கோடு' என்பதற்கான அடையாளம் அது. உண்மையில் யாரும் எதையும் விலக்கவில்லை. மோதலில் ஆற்றல் பெற்றுக் கிளர்ந்த அயனி தானாக ஒளியை உமிழச் சராசரியாக ஐந்து நாள் ஆகும், அவ்வளவுதான். அடர்ந்த வாயுவில் அதற்குள் வேறு துகள் மோதி ஆற்றலைப் பறித்துவிடும். விண்வெளியின் மெல்லிய வாயுவில்தான் அந்த ஐந்து நாள் கிடைக்கும். எனக்கு 'அருங்கோடு' என்ற சொல் பிடித்திருக்கிறது.

சரி, கரிமத்துக்கும் விண்மீன் பிறப்புக்கும் என்ன உறவு? இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளி தூசித் துகள்களில் பட்டு எலக்ட்ரான்களைத் தெறிக்க வைக்கிறது. அவை வாயுவைச் சூடாக்குகின்றன. சூடான வாயுவின் அணுக்கள் கரிம அயனியில் மோத, அது அந்தச் சூட்டை 158 மைக்ரோமீட்டர் ஒளியாக வெளியேற்றுகிறது. ஹைட்ரஜனை அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், கரிமத்துக்கு 11.26 போதும், அதனால் ஹைட்ரஜன் அப்படியே இருக்கும் இடங்களிலும் இந்த அயனி உண்டு. கண்ணுறு ஒளியை மறைக்கும் தூசியையும் இக்கோடு எளிதாகக் கடந்துவிடும். உள்ளே போகும் சூட்டை வெளியே வரும் ஒளியால் அளக்கிறோம் என்பதே இதன் அழகு.

நம் காற்றின் நீராவி இந்த ஒளியை விழுங்கிவிடும், மேலே போயாக வேண்டும். 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கி அருகிலுள்ள பல திரள்களில் இதை அளந்தது; 1800இல் அகச்சிவப்பைக் கண்டறிந்தவரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். போயிங் 747 விமானத்தில் பொருத்திய சோஃபியா தொலைநோக்கி, எம்51 சுருள் திரள் முழுவதையும் இக்கோட்டில் வரைபடமாக்கியது.

சாதாரணத் திரள்களில் இந்த அளவுகோல் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அகச்சிவப்பில் மிகப் பிரகாசமான, தூசி மண்டிய திரள்களில் கோடு எதிர்பார்த்ததைவிட மங்கிவிடுகிறது. இதைச் 'சி-டூ பற்றாக்குறை' என்று மொழிபெயர்த்தால் அங்கே கரிமமே குறைவு என்று தோன்றிவிடும். குறைவது, மொத்த அகச்சிவப்பு ஒளியில் இக்கோட்டின் பங்கு. 'கரிமக்கோட்டு மங்கல்' என்று எழுதலாம்.