‘ஹோமில் சேர்த்துவிடுங்கள்’ என்று கேட்பதற்கு முன்

பாளையங்கோட்டையில் குழந்தைகள் நலப் பணியில் இருக்கும் எங்களிடம் அடிக்கடி வரும் வேண்டுகோள் ஒன்று உண்டு. “பிள்ளைய ரெண்டையும் ஒரு ஹோம்ல சேத்து விட்டிருங்க மேடம், மூணு நேரமும் சோறாவது கெடைக்கும்லா” என்பதுதான் அது. பள்ளிகளும் விடுதிகளும் நூறாண்டுகளுக்கும் மேலாக நிறைந்திருக்கும் ஊர் இது. ஏழை வீட்டுப் பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்கவைப்பது இங்கே பெருமைக்குரிய வழக்கமாகவே இருந்து வந்திருப்பதால், கேட்கும் தாயும் தயங்குவதில்லை, உதவ வருபவரும் தயங்குவதில்லை. ஆனால் படிப்புக்காக விடுதியில் தங்குவது வேறு, வறுமைக்காகக் குழந்தைகள் இல்லத்தில் விடப்படுவது வேறு. நான் சென்று பார்த்த இல்லங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள்.

அப்படிக் கேட்டு வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் கொத்தனார். சிந்துபூந்துறைப் பக்கம் வாடகைக்கு இருந்தவர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சாமான்களோடு சான்றிதழ்களும் போயின. சில மாதங்களில் கணவரும் நோயில் இறந்துபோனார். நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் பேட்டைக்கு அப்பால் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். பழைய பள்ளி தொலைவாகிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தள்ளிப்போட்டதில், எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மூத்தவள் வீட்டோடு நின்று, அம்மா சுற்றும் பீடிகளுக்கு முனை மடக்கிக் கொடுக்கத் தொடங்கினாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்காகும் தொழிலில் இன்னொரு கை சேர்ந்தால் கணக்கு சீக்கிரம் நிறையும். மூன்றாம் வகுப்பில் பெயர் இருந்த இளையவன் பள்ளிக்குப் போவதும் போகாததும் அவன் விருப்பமாக இருந்தது. வாரந்தோறும் கட்டவேண்டிய குழுக்கடன் வேறு.

இரண்டு மணி நேரம் பேசியபின், அவருக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினோம். பெண்ணுக்குப் பள்ளிச் சேர்க்கை, கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல், முகவரி மாற்றிய ரேஷன் அட்டை, கடன் தவணைக்குக் கொஞ்சம் அவகாசம், தான் பீடிக்கடைக்குப் போய்வரும் நேரத்தில் பையனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். எழுதி முடித்துப் பார்த்தால் அந்தத் தாளில் இல்லம் என்ற சொல்லே இல்லை.

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியரைப் பார்த்த அன்றே அந்தப் பெண் வகுப்பில் உட்கார்ந்தாள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது காலை உணவும் உண்டு, மதிய உணவும் உண்டு. தாய் கேட்ட மூன்று நேரச் சோற்றில் இரண்டு நேரத்துச் சோறு பையனுக்குப் பள்ளியிலேயே இருந்தது, அவனைக் கிளப்பி அனுப்பத்தான் ஆள் இல்லை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. மிஷன் வாத்சல்யா என்னும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும், விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த மாதங்களைக் கடத்திவிடுவது பெரும்பாலும் தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரின் பற்று நோட்டுதான்.

கடனைக் குழந்தைகள் விஷயமாக நாங்கள் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டித் தொல்லை தாங்காமல், இரண்டு சிறு பெண்குழந்தைகளோடு ஒரு குடும்பமே மாண்டதை நெல்லை மறந்திருக்காது.

பட்டியலில் கடினமாக இருந்தது பையனைப் பார்த்துக்கொள்ளும் ஆள்தான். டவுனில் வளவு என்னும் பழைய கூட்டுக் குடியிருப்புகளில் எல்லா வீடுகளுக்கும் ஒரே முற்றம், ஒரே கிணறு. தாய் வெளியே போனால் அடுத்த வீட்டு ஆச்சியின் கண் பிள்ளைமீது இருக்கும். வளவைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. அங்கே சாதி பார்த்துத்தான் வீடு கொடுத்தார்கள், அடிவாங்கும் பெண்ணின் அழுகை கேட்டும் கேளாததுபோல் இருந்தார்கள். ஆயினும் ஒரு பிள்ளை நாலு நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். 1994இல் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் தச்சநல்லூரும் திருநெல்வேலியோடு சேர்ந்து மாநகராட்சியானபின் ஊர் எல்லாப் பக்கமும் பரந்து, வயல்கள் பிளாட்டுகளாகி, பெயர்ப்பலகை மட்டும் புதிதாக உள்ள நகர்கள் பெருகிவிட்டன. அங்கே குடியேறுகிறவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை. கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கும் வடமாநிலக் குடும்பத்துக்கோ மொழியும் துணையில்லை. இந்தத் தாயின் விஷயத்தில், அங்கன்வாடிப் பணியாளர் நான்கு வீடு தள்ளியிருந்த ஓர் ஆச்சியைப் பேசி ஏற்பாடு செய்தார். பையன் இப்போது அந்தத் திண்ணையில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறான். எந்தத் திட்டத்தின் கீழும் வராத உதவி இது.

இதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையையும் வீட்டிலிருந்து பிரிக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள்ளேயே பாலியல் வன்முறை, கொடிய அடி, பார்த்துக்கொள்ள ஒருவருமே இல்லாத நிலை ஆகியவற்றில் பிள்ளையின் பாதுகாப்புக்கு அப்பால் எதையும் யோசிக்கக் கூடாது. குடும்ப மானம் என்றும், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்றும் சொல்லி மறைக்கப்பட்ட சில சம்பவங்கள் ஆண்டுகள் கழித்து எங்களிடம் வந்ததுண்டு. அதற்குள் அந்தப் பிள்ளைகள் பட்டது எழுதத் தக்கதன்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

மற்ற நேரங்களில், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லப் பராமரிப்பைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. எந்த இல்லமானாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தச் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழு. நல்லெண்ணத்தில் நீங்களே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் விடுவது சட்டப்படி சரியில்லை. ஜங்ஷனிலோ புதிய பேருந்து நிலையத்திலோ தனியே நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையைக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்த முகம் பத்தாண்டுக்குப் பிறகும் யாருடைய கைபேசியிலாவது இருக்கும்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், ‘ஹோம்’ என்ற பேச்சை எடுக்கும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்து வாருங்கள். ஸ்மார்ட் கார்டு, ஆதார், பிள்ளையின் பள்ளி விவரம், இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இவற்றில் இருப்பதை எடுத்துவந்தால் போதும். ஒன்றுமே இல்லாமல் வெறுங்கையோடு வந்தாலும் உட்காரவைத்துப் பேசுவோம். விண்ணப்பம் எழுதுவது எங்கள் வேலை.