புண் ஆறிய பிறகும் வலிப்பது ஏன்?

காயம் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வலி போகவில்லை. வலி சிகிச்சைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்பது இதைத்தான். "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள், சில மருத்துவர்களும்கூட. அந்த வலி நிஜம். அதைத் தூண்டிவிடும் இடம்தான் காயத்திலிருந்து தண்டுவடத்துக்கு மாறியிருக்கிறது.

உடலில் ஓரிடம் அடிபட்டு வீங்கினால், அங்கே நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கூடுதலாகச் சுரக்கும். ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றது இதுபோன்ற வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்குத்தான். கருவில் நரம்புகளை வாழவைக்கும் இதே புரதம், வளர்ந்த உடலில் வலியைக் கூட்டுகிறது. வலி நரம்பின் நுனியை உசுப்பிவிட்டு, அந்த நரம்பு வழியாகவே தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சு வரை போகிறது. அங்குள்ள செல்கள் பிடிஎன்எஃப் என்ற உறவுக்காரப் புரதத்தை அதிகம் தயாரித்துத் தண்டுவடத்துக்குள் விடுகின்றன. அப்புறம் அங்குள்ள செல்கள் சின்னத் தூண்டலுக்கே பெரிதாகத் துடிக்கின்றன. துணி உரசினாலே எரிவது இதனால்தான்.

நரம்பே அடிபட்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். தண்டுவடத்தில் காபா என்ற வேதிப்பொருள்தான் வலிக்கு பிரேக். மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் வெளியிடும் பிடிஎன்எஃப், நரம்பு செல்லுக்குள் குளோரைடு அளவைக் குலைத்து அந்த பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது என்று 2005இல் எலிகளில் காட்டினார்கள். பெண் எலிகளில் மைக்ரோகிளியாவின் பங்கு இல்லாமலேயே இத்தகைய வலி வருகிறது என்று 2015இல் தெரியவந்தது. ஆண் விலங்குகளை மட்டும் வைத்து ஆராய்வது எவ்வளவு ஆபத்து!

சரி, முதலில் சொன்ன நரம்பு வளர்ச்சிக் காரணியையே தடுத்துவிட்டால்? டானெசுமாப் என்ற ஊசி மருந்து மூட்டு வலியைக் குறைக்கத்தான் செய்தது. ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்தது. 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 19-1 என்ற வாக்கில் அதை ஏற்கவில்லை. இந்தப் புரதம் செல்லில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு வலியே தெரியாது. நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், எலும்பு முறிந்தும் நடப்பார்கள். வலியை அடியோடு அழிப்பது நம் நோக்கமாக இருக்க முடியாது.

இப்போது நாங்கள் தரும் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்றவை மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலித்தடுப்பு நரம்புகளுக்குப் பலம் சேர்க்கின்றன. "மனச்சோர்வு மாத்திரை" என்று கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென நிறுத்தினால் வேறு தொந்தரவுகளும் வரலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமே கேளுங்கள். தொட்டாலே எரிகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும். முதுகு வலியோடு கால் பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.