ரூட்டிங் ரிஃப்ளெக்ஸ்: முலைதேடு தெறிவினை

பிறந்த குழந்தையின் கன்னத்தில் விரல் பட்டால், அது பட்ட பக்கமே தலையைத் திருப்பி வாயைத் திறக்கும். ஆங்கிலத்தில் 'ரூட்டிங் ரிஃப்ளெக்ஸ்' எனப்படும் இதற்குத் தமிழில் 'வேர்விடும் அனிச்சை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளில் இதை எத்தனை முறைதான் படிப்பது!

வேரைக் குறிக்கும் 'ரூட்' வேறு, இந்த 'ரூட்' வேறு. முன்னது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழி தந்த பெயர்ச்சொல். பின்னது பழைய ஆங்கிலத்தின் 'வ்ரோட்டன்', பன்றி மூக்கால் மண்ணைக் கிளறி இரை தேடுவதைச் சொன்ன வினை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது.

'வளர்ச்சிக்கு இதுதானே அடித்தளம், வேர் என்றால் என்ன தப்பு?' என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தப்புதான். வேர் ஓரிடத்தில் ஊன்றி ஆழமாவது. இந்தச் செயலோ தேடுவது. சுமார் 4 மாதத்தில் மறைந்தும் போவது. மூளைப் புறணி (மூளையின் வெளியடுக்கு) முதிர முதிர, தலையைத் திருப்புவது குழந்தையின் விருப்பத்துக்கு உட்படுகிறது. அதனால்தான் மறைகிறது. உரிய காலம் கடந்தும் நீடித்தால் மருத்துவர் நரம்பு வளர்ச்சியைக் கவனிப்பார். 'வேர்விடும்' என்று படித்த தாய், அது மறையும்போது ஏதோ பட்டுப்போய்விட்டதென்று அஞ்சமாட்டாளா? 'பிள்ளை பாலுக்கு வாய் தேடுது' என்று வீட்டில் சொல்கிறோமே, அதில் இருக்கிறது சொல். முலைதேடல் என்போம்.

'அனிச்சை' பற்றியும் எனக்குக் குறை உண்டு. வடமொழி இச்சையின் எதிர்மறை அது; விருப்பமின்மை என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. இதயமும் விருப்பமின்றித்தான் துடிக்கிறது. ரிஃப்ளெக்ஸ் என்பது தூண்டல் உள்ளே போய் வினையாகத் திரும்புவது. இலங்கைப் பாடநூல்களின் 'தெறிவினை' இதைப் பிடித்துவிடுகிறது: நாணைத் தெறித்தால் அக்கணமே அதிர்கிறதல்லவா? 'மறிவினை' லத்தீன் மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் மறித்தல் என்றால் இன்று தடுத்தல் என்றே காதில் விழும். 'பிரதிபலிப்பு' கண்ணாடிக்கு உரியது, குழந்தைக்கு வேண்டாம்.

மோரோ ரிஃப்ளெக்ஸுக்கும் இதே கதி. 'திடுக்கிடும் அனிச்சை' என்கிறார்கள். தலை சட்டென்று பின்சாயும்போது குழந்தை கைகளை விரித்து, பிறகு அணைப்பதுபோல் சேர்க்கும். 1918இல் இதை விவரித்த குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ, ஜெர்மன் மொழியில் வைத்த பெயரின் பொருளே தழுவிப் பற்றுதல். ஒரு கை மட்டும் எழாவிட்டால் காறை எலும்பு முறிவோ கைநரம்புக் காயமோ இருக்கக்கூடும். மருத்துவர் பார்ப்பது இரு கைகளும் ஒன்றுபோல் விரிந்து தழுவுகின்றனவா என்பதைத்தான். தழுவு தெறிவினை என்று எழுதினால் அதுவும் விளங்கும்.