மூன்று வாரமாக மழையில்லை, ஓடை மட்டும் ஓடுகிறது

பிப்ரவரியில் பினாங்கு காய்ந்து கிடக்கும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டைச் சுற்றி நடக்கப் பதினோரு பேர் கிளம்பினோம். கெக் லோக் சி கோயிலைத் தாண்டி மேலேறும் சாலையில் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. மேலே, காட்டுப் பாதையோரம் ஒரு சிற்றோடை. ஒரே எட்டில் தாண்டிவிடலாம், ஆனால் அடியில் கிடந்த மணல் தெரியத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. கூட வந்த பையன் கேட்டான்: "மாமா, மழை பேஞ்சு மூணு வாரம் ஆச்சே, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"மலை பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சிருக்குப்பா" என்றார் கூட வந்த அக்கா. நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். பாதிதான் சரி.

உண்மையான பஞ்சு நிலத்தைப் பார்க்க பிரிட்டனில் மூர் எனப்படும் மரமற்ற ஈர மேடுகளுக்குப் போக வேண்டும். அங்கே பாசி முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து பீட் மண்ணாகியிருக்கிறது. ஈரத்தோடு எடை போட்டால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஏற்கெனவே நிறைந்த பஞ்சில் இன்னும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? அங்கே மழை பெய்ததும் ஓடை பொங்கும், விட்டதும் மெலிந்துவிடும். பீட் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, எளிதில் விட்டுக்கொடுக்காது.

பினாங்கு மலை கிரானைட். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதை மேலிருந்து அரிக்கின்றன. அதிலுள்ள கனிமங்களில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் மணலாக நிற்கிறது. இந்தக் கலவை பாறைக்கு மேல் பல மீட்டர் ஆழம் வரை கிடக்கும். அதற்குள் செத்த வேர்கள் விட்டுப்போன குழாய்கள், மண்புழுவும் கறையானும் துளைத்த வழிகள்.

வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று தண்ணீர் போத்தலைத் திறந்தேன். பலரும் நடந்து இறுகிய பாதையில் கொஞ்சம் ஊற்றினேன். மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாகச் சரிவில் ஓடியது. இரண்டடி தள்ளி, மரத்தடிச் சருகின் மேல் அதே அளவு ஊற்றினேன். அப்படியே காணாமல் போனது. காட்டு மண்ணின் வித்தை முழுக்க இதுதான்: கனமழையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வாய் திறந்திருப்பது.

உள்ளே போன நீர் அவசரப்படுவதில்லை. மண் துகள்களின் இடுக்கில் கசிந்து இறங்குகிறது. புதுமழை வந்தால், ஏற்கெனவே உள்ளே இருந்த நீரை அது கீழே தள்ளுகிறது. ஆக்சிஜனில் எடை கூடிய ஒரு வகை உண்டு, ஆக்சிஜன்-18. ஒவ்வொரு மழையிலும் அதன் அளவு கொஞ்சம் மாறும் என்பதால், ஓடை நீர் எந்த மழையில் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. மழை கொட்டும்போது காட்டோடையில் பெருகும் நீரில்கூடப் பெரும்பகுதி பழைய நீர்தான் என்று பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. அந்தப் பையன் கையில் அள்ளியது போன வருட அக்டோபர் மழையாகவும் இருக்கலாம்.

மரங்களும் நிறையக் குடிக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. காட்டை வெட்டினால் ஆண்டு முழுவதும் ஓடிவரும் மொத்த நீர் கூடுவதும் உண்டு. ஆனால் மண் இறுகிப்போனால் அது மழையன்றே சேற்றோடு வந்து போய்விடும். 1962-ல் கட்டி முடித்த இந்த அணைக்கு வேண்டியது வறண்ட மாதத்து நீர்.

இதே மலைத்தொடரின் இன்னொரு பக்கம்தான் முருகன் கோயில் உள்ள நம் தண்ணீர்மலை. தைப்பூசம் வருவதும் இந்த வறண்ட பருவத்தில்தான். அங்குள்ள அருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனுக்கும் கப்பல்களுக்கும் குடிநீர் தந்தது.

அணையைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது பையன் அதே இடத்தில் நின்றான். பாதையில் ஊற்றிய சுவடே இல்லை, காய்ந்திருந்தது. சருகை விலக்கி விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். "இன்னும் சில்லுன்னு இருக்கு மாமா."