பிரான்சன் பெயர் இருக்கும் இடமெல்லாம் அவர் பணம் இருக்கிறதா?

முதலீட்டு ஆலோசனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "இதுல இன்னார் இருக்கார் சார்." சரி, எப்படி இருக்கிறார்? சொந்தப் பணம் போட்டிருக்கிறாரா, பெயரை மட்டும் கொடுத்திருக்கிறாரா, இல்லை மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கிறாரா? இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் ஆள் பிரிட்டனின் வர்ஜின் குழுமத்தை நிறுவிய ரிச்சர்ட் பிரான்சன்.

அவரைப் பற்றி எல்லோருக்கும் நினைவிருப்பது ஆர்ப்பாட்டங்கள்தான். 1987-இல் வெப்பக்காற்று பலூனில் அட்லாண்டிக்கைக் கடந்தார். 1998-இல் வர்ஜின் கோலாவை விளம்பரப்படுத்த நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக்கு டாங்கியில் வந்தார். ஆனால் 1984-இல் விமான நிறுவனம் தொடங்கியபோது அவர் செய்ததைப் பாருங்கள். பழைய போயிங் 747 ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். சரிப்பட்டு வராவிட்டால் ஓராண்டில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நிபந்தனை. அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டார். பலூன் படம் பத்திரிகையில் வரும், குத்தகை ஒப்பந்தம் வராது.

1992-இல் அதே விமான நிறுவனத்தைக் காப்பாற்ற, தான் வளர்த்த இசை நிறுவனத்தை தார்ன் இஎம்ஐ நிறுவனத்துக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் விற்றார். அதற்குப் பிந்தைய காலத்தில் வர்ஜின் என்ற பெயரே பெரிய சொத்தாகிவிட்டது. 1999-இல் வந்த வர்ஜின் மொபைலுக்குச் சொந்த டவர் கிடையாது. ஒன்2ஒன் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் கூட்டாக ஓடியது. 2024-இல் வர்ஜின் மணி வங்கியை நேஷன்வைடு சுமார் 290 கோடி பவுண்டுக்கு வாங்கியது. குழுமத்தின் கையிலிருந்த பங்குகளுக்குப் பணம் வந்தது. பெயரை இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தத் தனிக் கட்டணம். அப்புறம் அந்தப் பெயரைக் கைவிடுவதற்கே 25 கோடி பவுண்டு! ஒரே வங்கியில் மூன்று வரவு.

எங்களைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகும் உதாரணம், விண்வெளிச் சுற்றுலா நிறுவனமான வர்ஜின் கேலக்டிக். பணத்தை முதலில் திரட்டிவிட்டு, இணைத்துக்கொள்ள ஒரு தொழிலைப் பிறகு தேடும் ஸ்பாக் நிறுவனம் ஒன்றின் வழியாக, 2019 அக்டோபரில் அது அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்தது. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் முடங்கியபோது, மற்ற தொழில்களைத் தாங்கிப்பிடிக்க பிரான்சன் தரப்பு அதன் பங்குகளைப் பெருமளவில் விற்றது. 2021 ஜூலை 11 அன்று அவரே விண்கலத்தில் ஏறிப் பறந்தார். உலகமே பார்த்தது. அடுத்த மாதமே ஏறத்தாழ 30 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை அவர் தரப்பு விற்றது. 2023 கடைசியில், இனி இதில் பணம் போடப்போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். விலை சரிந்து சரிந்து, 2024-இல் 20 பழைய பங்குகளை ஒரே புதிய பங்காகச் சேர்க்க வேண்டிய நிலைக்கு நிறுவனம் வந்தது.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. தன் தொழில்களைக் காக்க, விற்கக் கூடியதை விற்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பணம் போட்டுத் தோற்றதும் உண்டு: குழுமம் பெரும்பங்கு வைத்திருந்த, செயற்கைக்கோள் ஏவும் நிறுவனமான வர்ஜின் ஆர்பிட் 2023 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. ஆனால் அவருக்கு ஒன்று போனால் இன்னொன்று நிற்கும்படி ஒவ்வொரு தொழிலும் தனித்தனி நிறுவனம். சேமிப்பு முழுவதையும் ஒரே பங்கில் போட்டவருக்கு அந்த வசதி ஏது?

ஆகவே பெரிய பெயரைக் கேட்டதும் பங்குதாரர் பட்டியலை எடுங்கள். அவர் கையில் எத்தனை சதவீதம், என்ன விலைக்கு வாங்கியது, எந்தத் தேதிக்குப் பிறகு விற்கலாம் என்று பாருங்கள். பெயருக்கு ராயல்டி போகிறதா என்பது, ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்ற பகுதியில் இருக்கும். பெரும்பாலோர் தாண்டிப் போகும் பக்கம் அது. அமெரிக்கச் சந்தையில் இயக்குநர்களும் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களும் பங்கை விற்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அந்த ஆவணங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.